ஹட்டன் நகரின் தேவையும் நமது கடமையும்

ஒரு நகரம் செவ்வையாக வளர வேண்டுமாயின், அதற்கு யாது தேவை என்பதை முதலில் அறிதல் வேண்டும். நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவன் மருந்திட வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த முறை. மிஷன் பள்ளியிற் பயின்ற நாளில் நாம் கேட்ட விவிலியக் கதையொன்றும் இதனையே கூறும். எருசலேமின் இடிந்த மதிலை எழுப்ப வந்த நெகேமியா, தன் எண்ணத்தை எவருக்கும் வெளியிடாது, இரவிலே மதிலைச் சுற்றிப் பார்த்த பின்னரே வேலை தொடங்கினான். 1914ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து தென்னாட்டு நகரங்கள் பலவற்றை ஆராய்ந்த ஸ்கொத்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ், 1921ல் கொழும்பு நகருக்கும் திட்டம் வரைந்தார். ஆய்வு முன்னர், திட்டம் பின்னர் என்பதே அவரது கொள்கை. அக்கொள்கையை நமது ஹட்டனுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

ஹட்டன் மன்னர் எவரும் அமைத்த ஊரன்று. ஆங்கிலேயத் தோட்டத்துரைமாரின் வாணிபத்திற்காகப் பிறந்த ஊர். 1869ஆம் ஆண்டிற் கண்ட இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது. அதற்கு 2 ஆண்டுகள் முன்னரே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிற் பயிரிட்டிருந்த தேயிலை, கோப்பியின் இடத்தைப் பிடித்தது. 1874ல் நாவலப்பிட்டியை அடைந்த இருப்புப்பாதை 1884ல் ஹட்டனுக்கும், மறு ஆண்டில் நானுஓயாவுக்கும் வந்து சேர்ந்தது. தேயிலைப் பெட்டிகள் கீழே இறங்கின. அரிசி மூட்டைகள் மேலே ஏறின. 1888ல் துரைமாருக்கென ஹட்டன் வங்கி தோன்றியது. புகையிரத நிலையமும் கடைவீதியும் வங்கியும் அமைந்தன. ஆனால் கொழுந்து பறித்த கைகளுக்கு இந்நகரில் என்ன தேவை என்று எவரும் கேட்டாரில்லை. அவர்கள் லயன்களில் வாழ்ந்து, லயன்களிலேயே மடிந்தனர்.

அக்கேள்வியை உரக்கக் கேட்டவர்களுள் முன்னோடி கோ. நடேசய்யர். 1931ல் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அவர் தோட்டத் தொழிலாளர் சங்கமொன்றை நிறுவினார். 1936ல் இத்தொகுதியிலிருந்தே அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. ஆயின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் நம்மவரின் வாக்குரிமையைப் பறித்தன. 1952ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்தில் அவர்தம் பிரதிநிதியாக ஒருவரும் இல்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகுத்தது. நாடற்ற நிலை முற்றாக நீங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. வாக்கில்லாதவன் தேவையை எந்தத் திட்டம் கணக்கெடுக்கும்?

வாக்கு மீண்ட பின்னும் வேறொரு வேலி நின்றது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிட இயலாது என்றே கூறப்பட்டு வந்தது. அப்பிரிவு திருத்தப்பட்டது 2018ல்தான். அவ்வாண்டுத் தேர்தலோடு அம்பகமுவைப் பிரதேச சபையும் அம்பகமுவை, நோர்வூட், மஸ்கெலியா என மூன்றாயிற்று. இவை நற்செய்திகளே. எனினும் கதவு திறந்தது மட்டும் போதாது. உள்ளே நுழைந்து வேலை செய்யவும் வேண்டும்.

பழைய மஸ்கெலியா நமக்கொரு பாடம். மவுசாக்கலை நீர்த்தேக்கத்திற்காக அவ்வூர் 1960களின் இறுதியில் நீருள் மூழ்கியது. புதிய நகர் மேலே எழுந்தது. வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயில் இன்றும் தலைகாட்டுகின்றது. நாடு முழுவதும் ஒளிபெற மின்சாரம் எடுக்க வேண்டுமாயின், நம் மலையில் ஒரு நகரத்தையே இடம்பெயர்க்க முடிந்தது. அவ்வளவு ஆற்றல் உள்ள நாட்டில், லயன் அறைகளில் வாழ்வோரை நல்ல வீடுகளில் அமர்த்துவதா முடியாத காரியம்?

இனி ஹட்டனுக்கு வேண்டுவன யாவை? முதலாவது, ஆட்களைச் சரியாக எண்ணுதல். ஹட்டன்–டிக்கோயா நகரசபை எல்லைக்குள் உறங்குவோர் மட்டும் இந்நகரத்தார் அல்லர். சம்பள நாளில் நோர்வூட்டிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் வருவோரும், மார்கழி முதல் வைகாசி வரை சிவனொளிபாதமலைக்குச் செல்லும் யாத்திரிகரும் இந்நகரின் தண்ணீரையும் கழிப்பிடத்தையும் பஸ் நிலையத்தையும் நாடுகின்றனர். இரண்டாவது, நிலம். நகரைச் சுற்றிலும் தேயிலை. தேயிலைக்குக் கீழே சரிவு. 2014ல் மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களையே புதைத்தது. ஆதலின் 7 பேர்ச் காணி எங்கே கிடைக்கும் என்று கேட்குமுன், எந்தச் சரிவு பாதுகாப்பானது எனத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்க வேண்டும். மூன்றாவது, கழிவு. இங்குள்ள ஓடைகள் சில காசல்ரீ நீர்த்தேக்கம் வழியாகக் களனி கங்கையிற் கலக்கின்றன; அக்கங்கை நீரையே கொழும்பு அருந்துகின்றது. ஹட்டனின் குப்பை ஹட்டனின் குறை மட்டுமன்று. அதனைத் தீர்க்கும் செலவில் நாடும் பங்கேற்பது நியாயமே. நான்காவது, தொழில். 2017ல் டிக்கோயாவில் 150 படுக்கைகளுடன் இந்திய உதவியால் எழுந்த மருத்துவமனை போன்றவை பெருக வேண்டும். அவற்றிற் பணிபுரியும் தகுதியை நம் இளைஞர் இங்கேயே பெற வேண்டும்.

இவற்றையெல்லாம் அரசினர் செய்வர் என்று கைகட்டி இருத்தல் வாலிபர் சங்கத்திற்கு அழகன்று. ஞாயிறுதோறும் இருவர் இருவராகத் தோட்டங்களுக்குச் செல்வோம். எத்தனை குடும்பங்கள், எத்தனை அறைகள், குழாய் எவ்வளவு தூரம், பிள்ளைகள் பள்ளிக்கு எத்தனை கட்டை நடக்கின்றனர் என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதுவோம். லயன்களில் வாழ்ந்து கண்ட பெரியோர் நமக்கு வழிகாட்டட்டும். அடுத்த ஆண்டு மலர் வெளிவருமுன் அக்கொப்பி நகரசபையின் மேசை மேல் இருத்தல் வேண்டும். மதிலைச் சுற்றிப் பார்த்தவனுக்கே அதனை எழுப்பும் உரிமையும் உண்டு.