மரமும் நில உரிமையும்: ஹாலிஎலத் தோட்டப் பகுதியின் பழச்செய்கை பற்றிய ஒரு நோக்கு

வீட்டுப் பழச்செய்கைக்குப் பெருமூலதனம் வேண்டியதில்லை. பலாக்கொட்டை, வாழையின் பக்கக்கன்று, அயலார் கொய்யாக் கிளையில் மண் பொதிந்து கட்டிய பதியம் என்பன விலையின்றிக் கிடைப்பவை. ஆயின் மரம் காய்க்கக் காலம் வேண்டும்; அக்காலம்வரை நிலம் கைவிட்டுப் போகாதிருத்தல் வேண்டும். ஊவாத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றை இக்கோணத்தில் நோக்குதல் பயனுடையது.

பதுளைக்கு அண்மையிலுள்ள ஹாலிஎலவில் ஒக்தோபர் மழையுடன் நட்டால் பலா, ஆனைக்கொய்யா, கொய்யா, பப்பாசி யாவும் வளரும். வாழையும் பப்பாசியும் ஏறத்தாழ ஓராண்டிற் பயன்தரும். பதியமிட்ட கொய்யாவுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். விதையில் முளைத்த பலாவும் ஆனைக்கொய்யாவும் பொதுவாக ஐந்தாண்டுக்கு மேற் காத்திருக்கச் செய்யும். ஒட்டுக்கன்று இக்காலத்தைக் குறைக்குமெனினும், அதற்குப் பணமோ பயிற்சியோ தேவை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், உணவுத் தட்டுப்பாட்டை அஞ்சிய ஆதர் வீ. டயஸ் நாடெங்கும் பலா நடும் இயக்கத்தை முன்னெடுத்தார். சிங்கள மக்கள் அவரைக் 'கொஸ் மாமா' என அழைத்தனர். சொந்த நிலமுடைய கிராமத்தவருக்குப் பொருந்திய அவ்வழி லயத்து மக்களுக்குப் பொருந்தவில்லை. காம்பராவும் அதனருகிலுள்ள மரக்கறிப் பாத்தியும் தோட்டத்திற்கே உரியவை. வேலை போனால் இருப்பிடமும் போகும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் நிலை 1974 வரை முடிவாகவில்லை. எக்கணக்கில் தாம் அடங்குவோம் என அறியாதவர் பலாவை நட்டுக் காத்திருப்பது எங்ஙனம்? 1973–74இல் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைத் தாக்கி இறப்பு வீதம் உயர்ந்தபோது, இந்நிலமின்மையின் விலை வெளிப்பட்டது.

1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியாரிடம் சென்றது. இரு மாற்றங்களும் தொழிலாளரை நிலவுரிமையாளராக்கவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்ற நிலைக்கு முடிவு தேடியது. 2015இன் பின்னரான வீடமைப்புத் திட்டங்களில் ஏழு பேர்ச் நிலம் பேசப்பட்டது. அஃது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். எட்டு மீற்றர் இடைவெளி வேண்டும் பலா ஒன்றே அதில் மூன்றிலொரு பங்கைக் கொள்ளும். வீட்டுக்குப் போக எஞ்சும் இடத்தில் ஒரு கொய்யாவும் சில பப்பாசியும் அடங்கும். பெருந்தொகையான குடும்பங்களுக்கு அதுவும் இன்னும் கிட்டவில்லை.

ஆகவே, மலையகத்திற் பழமரம் பெருகாமைக்குத் தொழிலாளரின் அறியாமையைக் காரணங்காட்டல் பொருந்தாது. கன்றும் பதியமும் அவர்கள் கைக்கு எட்டியவையே. எட்டாதிருந்தது அவற்றை ஊன்றும் நிலம்.