லயத்து மாலைப்பொழுது யாருக்கு உரியது?

தன்னைப் பேணிக்கொள்ளுதல் என்பது செல்வர்க்கு மட்டுமே உரிய ஆடம்பரம் என்று எண்ணுவோர் நம்மவருள் இன்றும் பலர். “வயிற்றுப் பாட்டுக்கே பொழுது போதவில்லை, இதில் உடம்பைக் கவனிக்கப் பொழுது ஏது?” என்று அவர்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆயினும், அக்கேள்விக்குக் கெடா நாட்டுத் தோட்டத் தமிழர் ஒரு காலத்தில் தந்த விடையை நாம் மறந்துவிட்டோம். தங்களுக்கென்று கிடைத்த இரண்டொரு மணி நேரத்தைக் காத்துக்கொள்ள அவர்கள் தடியடியையும் துப்பாக்கிச் சூட்டையும் ஏற்றனர்.

முதலில் ஒரு தோட்டத் தொழிலாளியின் நாளைக் காண்போம். ரப்பர் மரத்தில் பால் நன்கு இறங்குவது விடியற்காலைக் குளிர்ச்சியில்தான். வெயில் ஏற ஏறப் பால் குன்றும். ஆகவே கடிகாரத்தை ஆட்டிவைத்தது மரமே. இருள் பிரியுமுன் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். பெண்களோ அதற்கும் முன்னே எழுந்து, அடுப்பு மூட்டிச் சோறாக்கி, கண் திறவாத குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓட வேண்டும். பிறகு நிரை நிரையாக மரம் வெட்டுதல், மங்கு துடைத்தல், பால் சேர்த்தல், காண்டாவில் வாளிகளைத் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமத்தல். 1920களின் இறுதியில் இதற்கு வகுக்கப்பட்டிருந்த திட்டக்கூலி, ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விலை வீழ்ச்சி வந்ததும் அதுவும் குறைக்கப்பட்டது.

வேலை ஓய்ந்தபின் எஞ்சியது மாலைப்பொழுது ஒன்றே. அந்தப் பொழுதுக்கெனத் தோட்டத்தில் ஏற்படுத்தப்பட்டிருந்தது எது? வாசகசாலையா? விளையாட்டுத் திடலா? பெரும்பாலான இடங்களில் கள்ளுக்கடை! அதுவும் அரசாங்கத்தின் உத்தரவு பெற்று, தோட்ட நிர்வாகத்தின் மேற்பார்வையிலேயே நடைபெற்றது. கள்ளில் கிடைத்த இலாபத்திலிருந்து தொழிலாளர் நன்மைக்கெனச் செலவு செய்யும் வழக்கமும் இருந்தது. ஒரு கையால் உடலைக் கெடுத்து, மறு கையால் அதே உடலுக்கு மருந்து தடவிய இந்த ஏற்பாட்டைக் கருணை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. 1937 அக்டோபரில் ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. தாயகத்தில் கடைகள் மூடப்பட்டபோதும், கடல் கடந்து வந்தவன் தன் லயத்துக்குப் பக்கத்திலேயே கடையைக் கண்டான்.

நிற்க. 1941ஆம் ஆண்டு கிள்ளான் பகுதித் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவை யாவை? கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உற்றார் உறவினர் தடையின்றி வந்து பார்க்க வேண்டும். துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் இழிவு ஒழிய வேண்டும். வேலை நேரத்துக்கு அப்பாலும் தாங்கள் மனிதர்களே என்று அவர்கள் கேட்டது இதில் விளங்கும். அதற்குப் பட்டாளம் வந்தது, ஐவர் மாண்டனர், தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அடுத்து வந்தது ஜப்பானியர் ஆட்சி. தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர் சியாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு, காலராவிலும் மலைக்காய்ச்சலிலும் பட்டினியிலும் மடிந்தனர். அதே காலத்தில், 1943இல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தபின், லயத்து இளைஞர் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து அணிவகுத்து நடக்கவும் நிமிர்ந்து நிற்கவும் கற்றனர். போர் முடிந்து தோட்டத்துக்குத் திரும்பியவனுக்குத் தன் உடம்பு தன்னுடையது என்னும் எண்ணம் புதிதாகப் பிறந்திருந்தது. இந்த எண்ணமே பின்னர் வந்தவற்றுக்கெல்லாம் விதை என்பது நம் துணிபு.

பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தொண்டர் படையை அமைத்தார். மாலையில் இளைஞர் கூடி அணிவகுத்துப் பயிற்சி செய்தனர். குடியை விட்டொழித்தல் அவர்களுடைய முதற் கட்டளை. பக்கத்துத் தோட்டங்களிலும் படை பரவியது. கள்ளுக்கடை வாசலில் நின்று மறியல் செய்தனர். கள்ளுக்குப் போகும் மாலை உடம்புக்கும் குடும்பத்துக்கும் திரும்பினால், மறுநாள் பெரட்டில் நிற்பவன் தலை நிமிர்ந்து நிற்பான் அல்லவா? அதிகாரிகள் அஞ்சியது இதற்கே என்று எண்ண இடமுண்டு. குடித்துக் கிடப்பவனை மேய்ப்பது எளிது. தெளிந்தவன் கணக்குக் கேட்பான்.

1947 பிப்ரவரி 28இல் பீடோங் கள்ளுக்கடை மறியலின்போது போலீசார் தடி கொண்டு தாக்கினர்; அடிபட்ட தொழிலாளர் ஒருவர் உயிர் நீத்தார். மார்ச்சு மாதத்தில் ஹார்வர்ட் தோட்டத்தில் வேலை நிறுத்தமும் மீண்டும் தாக்குதலும் நிகழ்ந்தன. பலர் சிறை புகுந்தனர். ஏப்ரல் 28இல் கூலிம் பக்கத்து டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கி வெடித்தது. அங்கும் ஓர் உயிர் போயிற்று. 1948 ஜூனில் அவசரகாலச் சட்டம் வந்தபின் படை தலையெடுக்கவில்லை. கள்ளுக்கடைகளோ அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் தோட்டங்களில் நிலைத்திருந்தன.

உலகம் இதற்கு முன்பே எட்டுமணி வேலையை ஒப்புக்கொண்டிருந்தது. 1919இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் முதல் உடன்படிக்கையே அதுதான். 1923 மே முதல் நாளில் சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். மலாயாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டமே நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி, ஒரு நாள் ஓய்வு என்று வகுத்தது. அது நடைமுறைக்கு வந்தது 1957 ஜூனில். 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி என்று ஆயிற்று. பேறுகால விடுப்பும் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது.

தொண்டர் படையின்பால் நமக்குள்ள மதிப்பு பெரிது. எனினும் ஒன்று கூறாதிருக்க இயலாது. அப்படை மீட்க முயன்றது பெரும்பாலும் ஆணின் மாலையையே. கூலிக்காசு கள்ளுக்கடைக்குப் போகாமல் வீடு வந்ததும், இரவில் அடி விழாதிருந்ததும் பெண்ணுக்குப் பெரும் ஆறுதல்தான். ஆனால் அவள் மாலையில் விறகும் தண்ணீரும் அடுப்பும் அப்படியே இருந்தன. கணவன் பயிற்சிக்குச் சென்ற பொழுதில் அவள் பாத்திரம் துலக்கினாள். அவளுக்கெனத் தனியே ஒரு மணி நேரம் கேட்டு எவரும் மறியல் செய்யவில்லை!

இன்று ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறிவிட்டன. அவளுடைய பேத்தி சுங்கைப் பட்டாணியிலோ, 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவிலோ ஷிப்டு வேலை பார்க்கிறாள். பெரட்டுக்குப் பதில் தொழிற்சாலைப் பஸ்; ஆயாக்கொட்டகைக்குப் பதில் பக்கத்து வீட்டுப் பாட்டி. சட்டத்தின் 45 மணிக் கணக்கில் அவள் அடுப்படியில் நிற்கும் நேரம் சேர்வதில்லை. இரவு ஷிப்டு முடிந்து காலையில் வீடு சேர்ந்ததும், உறங்குமுன் அவள் முதலில் கழுவுவது நேற்றைய சோற்றுப் பானையை. அந்தப் பானையைக் கழுவ வீட்டில் இன்னும் இரண்டு ஆண்கள் இருக்கின்றனர்.