அங்கு மரமும் கர்வால் மலையூர்களும்

இன்றைய உத்தராகண்டின் மலையூர்களில், காடுகள் அரசுடைமையாக ஒதுக்கப்பட்டு மேய்ச்சலும் மரமெடுப்பும் சுருங்கியதாலும், 1887-இல் இம்மலைப்பகுதியின் கர்வாலியருக்கெனத் தனிப் படைப்பிரிவு அமைந்ததாலும், ஆண்கள் வெளியே சென்று ஈட்டி அனுப்பும் பணத்தில் வீடு நடப்பதும், படிக்கட்டு வயல்களைப் பெண்களே உழைத்துக் காப்பதுமான வாழ்க்கைமுறை வேரூன்றியது. ஆய்வாளர்கள் இதனை 'மணியார்டர் பொருளாதாரம்' என்பர்.

இப்போக்கை மாற்ற, காட்டுப்பொருளை உள்ளூரிலேயே தொழிலாக்கும் நோக்குடன் சண்டி பிரசாத் பட்டும் தோழர்களும் 1964-இல் கோபேசுவரில் தசோலி கிராம சுயராஜ்ய சங்கத்தை நிறுவினர். எடை குறைவாயினும் உறுதி மிக்கதால் மாட்டின் கழுத்துக்கு இதமான நுகத்தடிக்கு ஏற்ற 'அங்கு' மரத்தை, வேளாண் கருவிகள் செய்யச் சங்கம் கேட்டபோது வனத்துறை மறுத்தது. ஆனால் அதே மரத்தைச் சமவெளியின் விளையாட்டுப்பொருள் நிறுவனமொன்றுக்கு ஒதுக்கியது. 1973-இல் மண்டல் காட்டில் மக்கள் மரங்களை வெட்டவிடாமல் தடுத்த சிப்கோ இயக்கம், அதாவது மரத்தைத் தழுவிக் காக்கும் போராட்டம், இவ்வநீதியிலிருந்தே பிறந்தது.

உலகம் அதனைச் சூழலியல் இயக்கமாகக் கொண்டாடியது. பிழைப்புக்கான அதன் முதற்கோரிக்கையோ மங்கிப்போனது, இது பேரிழப்பே. 1980-களின் தொடக்கத்தில் உயர்மலைகளில் வணிக மரவெட்டு தடைசெய்யப்பட்டது, ஆனால் உள்ளூர்ப் பட்டறைகள் பெருகவில்லை. 2000-இல் தனி மாநிலம் அமைந்த பின்னும், 2001-க்கும் 2011-க்கும் இடையே அல்மோரா, பௌரி மாவட்டங்களின் மக்கள்தொகை குறைந்தது. 2017-இல் மாநில அரசு அமைத்த இடப்பெயர்வு ஆணையம் மறு ஆண்டு அளித்த அறிக்கையின்படி, வெளியேறியோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் பிழைப்பின்மையாலேயே ஊரை விட்டனர்.