மூடுபனியில் ஒரு சாலை

1922 ஏப்ரல் 7. பாரிஸிலிருந்து ஒரு பிரெஞ்சு விமானம் லண்டனின் க்ராய்டன் நிலையத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. க்ராய்டனிலிருந்து தபால் மூட்டைகளோடு ஒரு பிரிட்டிஷ் விமானம் பாரிஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. வடக்கு பிரான்சில் மூடுபனி. அந்நாளைய விமானிக்குக் கீழே தெரியும் சாலையும் தண்டவாளமும்தான் வழிகாட்டி. இருவரும் தாழப் பறந்து, ஒரே சாலையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே வந்தார்கள்.

ஏழு பேர் இறந்தார்கள். இரண்டு பயணிகள் விமானங்கள் நடுவானில் மோதியது உலகிலேயே அதுதான் முதல்முறை. அவ்வளவு பெரிய வானத்தில் இடமில்லாமலா மோதினார்கள்? ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாமல் போனதுதான் கொடுமை.

க்ராய்டனில் 1920-லேயே கட்டுப்பாட்டுக் கோபுரம் வந்துவிட்டது. தரையிலிருந்து 15 அடி உயரம், நான்கு சுவர்களிலும் பெரிய ஜன்னல்கள். ஆனால் ஜன்னலுக்கு எட்டும் தூரம் எவ்வளவு? விபத்துக்குப் பிறகு கூடிப் பேசியவர்கள், பயணிகள் விமானங்களுக்கு ரேடியோ வேண்டும், போக வர வரையறுத்த வான்வழிகள் வேண்டும், எதிரே வருபவருக்கு வலப்பக்கம் ஒதுங்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள்.

ரேடியோ வந்ததும் க்ராய்டனின் பார்வை நீண்டது. தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாத விமானி குரல் கொடுப்பார். அந்தக் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று க்ராய்டன், லிம்ப்னே, புல்ஹாம் ஆகிய மூன்று நிலையங்களும் அளந்து சொல்லும். மூன்று கோடுகளும் வரைபடத்தில் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ, அங்கேதான் விமானம். மேகத்துக்குள் திசை தப்பியவருக்கு, தரையில் இருக்கும் ஒருவர் "நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்" என்று சொல்வது எத்தனை பெரிய ஆறுதல்! 1930-களில், வானிலை மோசமான நாட்களில் ரேடியோ அனுமதி பெறாமல் க்ராய்டனைச் சுற்றிய வான்பரப்புக்குள் யாரும் நுழையக் கூடாது என்ற விதியும் வந்தது. கட்டுப்பாட்டு வான்வெளிக்கு அதுவே தொடக்க வடிவம்.

ஆபத்தில் கூப்பிட ஒரு சொல்லும் தேவைப்பட்டது. கப்பல்களின் 'எஸ்.ஓ.எஸ்' தந்திக்குப் பொருந்தியது. ஆனால் இரைச்சலுக்கு நடுவே 'எஸ்' என்ற ஒலி தெளிவாகக் கேட்காது. க்ராய்டனின் மூத்த ரேடியோ அதிகாரி ஃபிரெடரிக் மாக்ஃபோர்டு, அங்கிருந்து பெரும்பாலான விமானங்கள் பாரிஸுக்குப் போய்வந்ததால், 'எனக்கு உதவுங்கள்' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியிலிருந்து 'மேடே' என்ற சொல்லை எடுத்தார். 1927-இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச மாநாடு அதை ஏற்றது.

1959-இல் க்ராய்டன் நிலையத்தை மூடிவிட்டார்கள். இன்றும் சென்னைக்கு மேலே ஒரு விமானி ஆபத்தில் சிக்கினால், மூன்று முறை சொல்ல வேண்டியது அந்தச் சொல்லைத்தான்.