காவேரி வந்தாச்சு, பாலாறு என்னாச்சு?

வேலூரைப் பத்தி ஒரு பழைய கேலிப்பேச்சு உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு. இதுல கோயிலுக்கு 1981-ல் சாமி வந்துட்டார், ஜலகண்டேஸ்வரர் உள்ளே இருக்கார். ராஜா இனிமே வரப்போறதில்ல. மிச்சம் இருக்கிறது ஆறு. அதைப் பத்திதான் இந்தப் பதிவு.

நான் பாலாத்தங்கரை விவசாயி. லாங் பஜாருக்கும் மண்டித் தெருவுக்கும் கத்திரிக்காய், தேங்காய் போட்டுத்தான் குடும்பம் ஓடுது. அந்தத் தெருவுல டீக்கடையில உக்காந்தா, "இது காவேரித் தண்ணிங்க"ன்னு கடைக்காரர் பெருமையா சொல்வார். பெருமைப்பட வேண்டியதுதான். குடத்தைத் தூக்கிக்கிட்டு ராத்திரியில குழாயடியில நின்ன ஊர் இது.

ஆனா ஒரு கேள்வி இருக்குது. மேட்டூர்லேர்ந்து வேலூருக்கு நேர்கோடு போட்டாலே கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர். பாலாறு லாங் பஜார்லேர்ந்து நடந்து போற தூரம். பக்கத்து ஆத்தை விட்டுட்டு அவ்வளவு தூரம் ஏன் போனோம்? போனதுக்கப்புறம் பக்கத்து ஆறு என்ன ஆச்சு? நகரத்துக்குத் தண்ணி கொண்டாந்த கதையை எல்லாரும் சொல்றாங்க. ஆத்துப் பக்கத்துலேர்ந்து அதே கதையைச் சொன்னா வேற மாதிரி இருக்கும்.

மணலுக்குள்ள ஓடுற ஆறு

பாலாறு கர்நாடகத்துல நந்தி மலைப் பக்கம் பிறக்குது. கோலார் மாவட்டம் தாண்டி, ஆந்திராவுல குப்பம் பக்கம் கொஞ்ச தூரம் ஓடி, வாணியம்பாடிக்கு மேல தமிழ்நாட்டுக்குள்ள நுழையுது. ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் வழியா போய் கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர்கிட்ட கடல்ல சேருது. மொத்த நீளம் 348 கிலோமீட்டர். அதுல 222 கிலோமீட்டர் நம்ம மாநிலத்துல.

சென்னையிலேர்ந்து ரயில்ல வர்றவங்க பாலத்து மேலேர்ந்து பாத்துட்டு "வெறும் மணலா கிடக்குதே"ம்பாங்க. எங்க பெரியவங்க அதை வெறும் மணலா பார்க்கல. வெள்ளம் வருஷத்துல சில நாள்தான் மேல ஓடும். மிச்ச நாள் பூரா மணலுக்குக் கீழே ஊர்ந்து போகும். மணல் ஒரு பஞ்சு மாதிரி. வெயில் படாது, ஆவியாகாது. ஆத்துப் படுகையில சரிவா கால்வாய் வெட்டிவிட்டா, மணல்லேர்ந்து ஊறுற தண்ணி தானா ஓடி ஏரிக்கும் கழனிக்கும் வரும். அதுக்கு ஊத்துக்கால்னு பேரு. வருஷா வருஷம் ஊரே கூடித் தூர் வாரும். கரண்டு இல்ல, மோட்டார் இல்ல. வாலாஜாவுக்குப் பக்கத்துல 1850-கள்ல வெள்ளைக்காரன் பாலாறு அணைக்கட்டு கட்டினான். அதுலேர்ந்து கால்வாய் பிரிஞ்சு காவேரிப்பாக்கம் ஏரி வரைக்கும் தண்ணி போச்சு.

இந்த ஆறு சாதுன்னும் நினைக்க வேண்டாம். 1903 நவம்பர்ல வந்த வெள்ளம் வாணியம்பாடியில நிறைய உயிரைக் கொண்டு போச்சு. 2021 நவம்பர்ல நாங்களே பார்த்தோம், ரெண்டு கரையும் தொட்டுப் போச்சு.

நகரம் ஆத்துல கிணறு தோண்டின காலம்

வேலூர் நகராட்சி 1866-ல் வந்தது. மலையடிவாரத்து ஓட்டேரி ஏரிதான் பழைய குடிதண்ணி. ஊர் பெருகினதும் அது பத்தல. அப்புறம் பாலாத்து மணல்லயே உறை இறக்கிக் கிணறு தோண்டி, மோட்டார் வெச்சு இறைச்சாங்க. பிறகு பொன்னையாத்துலேர்ந்தும் குழாய் வந்தது.

நகரத்துக்கு அது முன்னேற்றம்தான். மணல் வடிகட்டித் தர்ற தண்ணிக்கு அதிகச் சுத்திகரிப்பும் தேவைப்படாது. ஆனா ராத்திரி பகலா மோட்டார் ஓடினா மணல்ல நீர்மட்டம் இறங்கும். நீர்மட்டம் கால்வாய்த் தரையை விட ஒரு சாண் கீழே போனாப் போதும், ஊத்துக்கால் வத்திடும். ஊத்துக்கால் போனதும் கரையில இருக்கிறவன் கிணத்தை ஆழப்படுத்தினான். கிணறு வத்தினதும் போர் போட்டான். ஒவ்வொரு போரும் ஆத்து மணலை இன்னும் கொஞ்சம் உறிஞ்சுச்சு. இது போதாதுன்னு மணலையே லாரியில அள்ளிட்டாங்க. மேல்பக்கத்துல கர்நாடகமும் ஆந்திராவும் ஏரி, தடுப்பணைன்னு மறிச்சாங்க. 1892-ல் மைசூருக்கும் மெட்ராஸுக்கும் போட்ட ஒப்பந்தத்துல பாலாறும் இருக்குது. அந்தக் காகிதத்தை வெச்சு இன்னைக்கும் சண்டை ஓயல.

இருந்தாலும் அந்தக் காலத்துல ஒரு நல்லது இருந்தது. நகரமும் நாங்களும் ஒரே மணல்லேர்ந்து குடிச்சோம். ஆத்துல யாராவது கழிவைக் கொட்டினா நகரத்துக்காரன் டம்ளர்லயும் அது வரும். அதனால ஆத்தைப் பத்திக் கேக்க நகரத்துல ஆள் இருந்தது.

தோலும் உப்பும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் தோல் ஊருங்க. முன்னே ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்தினாங்க. 1970-கள்ல பச்சைத் தோலாவும் அரைப் பதத் தோலாவும் ஏற்றுமதி பண்றதை அரசாங்கம் கட்டுப்படுத்தி, முழுசா முடிச்ச சரக்காவே அனுப்பச் சொல்லிச்சு. குரோமியம் பெரிய அளவுல உள்ளே வந்தது. வேலை வந்தது, அந்நியச் செலாவணி வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்க அதுல சாப்பிடுது, அதை மறுக்க மாட்டேன்.

குரோமியத்தைப் பத்தித்தான் பேப்பர்ல எழுதுவாங்க. எங்களை அதிகமா கொன்னது உப்பு. தோல் அழுகாம இருக்க உப்பு தடவித்தான் வரும். அதை ஊறவெச்சு அலசினா உப்பு பூரா தண்ணியில இறங்கிடும். அந்தத் தண்ணி மணல்ல இறங்கினா கிணத்துக்கு வந்து சேரும். சோதனைச்சாலை எல்லாம் வேண்டாம். அந்தத் தண்ணியில பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. முதல்ல நெல் நாத்து கருகும், அப்புறம் தேங்காய் சிறுத்துப் போகும், கடைசியில சீமைக்கருவேலம்தான் நிக்கும்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பு சொல்லிச்சு. மாசு பண்ணினவனே செலவைக் கட்டணும், ஆபத்து வர்றதுக்கு முன்னாடியே தடுக்கணும்னு ரெண்டு கொள்கையும் இந்திய நாட்டுச் சட்டம்தான்னு அந்தத் தீர்ப்பு நிலைநிறுத்திச்சு. இன்னைக்குச் சட்டக் கல்லூரிப் பசங்க எல்லாரும் இதைப் படிக்கிறாங்க. தோல் பட்டறைப் பகுதியில 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாவோ முழுசாவோ சாகுபடிக்கு ஆகாமப் போச்சுன்னு தீர்ப்புலயே எழுதியிருக்குது.

அந்தத் தீர்ப்பால வந்த ஆணையம் 2001-ல் கணக்குப் போட்டுச்சு. பாதிக்கப்பட்டவங்க 29,193 பேர். 547 தோல் பட்டறைங்க கொடுக்க வேண்டிய இழப்பீடு ஏறக்குறைய 26 கோடியே 82 லட்சம் ரூபாய். வகுத்துப் பாருங்க, தலைக்கு 9,200 ரூபாய்கூட வராது. ஒரு போர் போடவும் அது காணாது. இது முடிஞ்ச கதையும் இல்ல. 2025 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடியும், இன்னும் இழப்பீடு வாங்காதவங்களுக்குக் கொடுங்க, பாலாத்தைச் சரிபண்ண ஓய்வு பெற்ற ஹைகோர்ட் நீதிபதி தலைமையில குழு போடுங்கன்னு உத்தரவு போட வேண்டியிருந்தது. 1996-ல் பிறந்த பிள்ளைக்கு அப்போ 28 வயசு.

ஆனாலும் இதை நான் மதிக்கிறேன். ஆத்துக்கு ஏற்பட்ட சேதத்தை ஊர் ஊரா, ஆள் ஆளா எண்ணிப் பார்த்த கணக்கு இது ஒண்ணுதான். என்ன குறைன்னா, எல்லாம் நடந்து முடிஞ்சப்புறம் எண்ணினாங்க.

காவேரி வந்தது

பாலாத்துத் தண்ணி மேல நம்பிக்கை போன இடத்துலதான் காவேரி வந்தது. ஏறக்குறைய 1,300 கோடி ரூபாய்ல மேட்டூர்லேர்ந்து கூட்டுக் குடிநீர்த் திட்டம். வேலூர் மாநகராட்சி, சுத்தியுள்ள நகராட்சிங்க, நூத்துக்கணக்கான கிராமக் குடியிருப்புங்க எல்லாத்துக்கும் குழாய். பாலாத்துக் கிணறும் பொன்னைக் குழாயும் இன்னும் இருந்தாலும், ஜனங்க நம்புறது காவேரியைத்தான்.

இவ்வளவு பெரிய திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் கணக்கு யார் போடுவாங்க? 2006-ல் மத்திய அரசு கொண்டாந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில ஒரு பட்டியல் இருக்குது. அணை, சுரங்கம், தோல் தொழில் எல்லாம் அதுல உண்டு, முன் அனுமதி வாங்கணும். வெறும் குடிநீர்க் குழாய்த் திட்டம் அந்தப் பட்டியல்ல இல்ல. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி கடன்னா அவங்க தனியா ஒரு ஆய்வு கேப்பாங்க. குடிக்கிற தண்ணிக்கு எதுக்குத் தடைன்னு நல்ல எண்ணத்துல விட்டிருக்கலாம். ஆனா உள்ளே வர்ற தண்ணி வெளியே போயாகணும்ல?

நானே கணக்குப் போட்டேன். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு அரசாங்க அளவு. அதுல 80 சதவீதம் கழிவுநீரா திரும்பும்னு எடுத்துக்குவாங்க. வேலூர் மாநகராட்சியில 5 லட்சம் பேர்னு வெச்சுக்கலாம். உள்ளே வர வேண்டியது 6 கோடியே 75 லட்சம் லிட்டர். வெளியே போறது 5 கோடியே 40 லட்சம் லிட்டர். ஒரு ஏக்கருக்கு ரெண்டு அங்குலம் தண்ணி கட்ட 2 லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் மேல ஆகும். அப்போ வேலூர்க்காரங்க ஒரு நாள் குளிச்சு, துவைச்சு விடுற தண்ணி 250 ஏக்கருக்கு மேல பாயும். ஒவ்வொரு நாளும்.

அந்தத் தண்ணி எங்க போகுது? பள்ளம் பாலாறுதான். நிக்கல்சன் கால்வாய் மாதிரி வாய்க்கால்கள் நகரத்துச் சாக்கடையைச் சுமந்து அங்கதான் போகுது. சுத்திகரிப்பு நிலையம் கட்டியிருக்காங்க, பாதாளச் சாக்கடை வேலையும் நடக்குது. ஆனா காவேரிக் குழாய் ஓடின வேகத்துக்கு அது ஓடல. புதுத் தண்ணி வர்றப்போ அதோட நிழல் மாதிரி கழிவுநீரும் கூடுது. திட்டம் போட்டவங்க குழாயை மட்டும் எண்ணினாங்க. இதுல பெரிய மாற்றம் என்னன்னா, நகரம் இப்போ அந்த ஆத்தை அவ்வளவா நம்பி இல்ல. அதனால ஆத்துல என்ன ஓடுதுன்னு கேக்க நகரத்துல ஆள் குறைஞ்சுபோச்சு. கீழ்பக்கம் கழனி வெச்சிருக்கிறவன்தான் கேக்கணும். அவன் குரல் லாங் பஜார் வரைக்குமே கேக்காது.

மத்த ஊர்ல என்ன பண்றாங்க

பெங்களூரும் காவேரியைத்தான் குடிக்குது. அங்க கோரமங்களா, சல்லகட்டா பள்ளத்தாக்குக் கழிவுநீரைச் சுத்திகரிச்சு, 2018-லேர்ந்து கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு பம்ப் பண்றாங்க. வறண்ட ஏரி நிறைஞ்சுது, கிணறு ஊறுச்சு. ஆனா மூணாம் கட்டச் சுத்திகரிப்பு இல்லாம அனுப்பறாங்கன்னு விவசாயிங்க கோர்ட்டுக்குப் போனாங்க. அந்தச் சந்தேகத்துல நியாயம் இருக்குது. இருந்தாலும் கழிவுநீரையும் தண்ணியா எண்ணினாங்களே, அதைத்தான் சொல்றேன். கோலார் பாலாத்துக்கு மேல்பக்கம். அங்க நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் நமக்கும் சம்பந்தம் உண்டு.

நம்ம வேலூர்லயே நாகநதியில 100 நாள் வேலைத் திட்டத்துப் பெண்கள் மீள்நிரப்புக் கிணறு வெட்டி, சின்னச் சின்னத் தடுப்பு கட்டி, மழைத்தண்ணியைத் தரைக்குள்ள இறக்கியிருக்காங்க. பெரிய இயந்திரம் இல்ல, மண்வெட்டியும் சிமெண்ட் உறையும்தான். ஊத்துக்கால் வெட்டின அறிவோட பேத்தி இது.

பட்டணத்துலேர்ந்து இதைப் படிக்கிற உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கறேன். உங்க ஊர்ல புதுக் குடிநீர்த் திட்டம் வருதுன்னா, எத்தனை லிட்டர் வருதுன்னு கேக்கிறதோட நிறுத்தாதீங்க. அது கழிவாகி எந்த ஆத்துல விழும், விழறதுக்கு முன்னாடி சுத்திகரிப்பு தயாரான்னு கேளுங்க. இதுவரைக்கும் தண்ணி கொடுத்த பழைய ஏரியையும் ஆத்தையும் இனி யார் பார்த்துக்குவாங்கன்னும் கேளுங்க. திட்ட அறிக்கையில அதுக்கு ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லுங்க. கீழ்பக்கத்து விவசாயியையும் கூப்பிட்டுக் கேட்டு அந்தப் பக்கத்தை எழுதணும். மேட்டூர்ல தண்ணி குறையற வருஷம் கண்டிப்பா வரும். அன்னைக்கு வேலூருக்கு மறுபடியும் பாலாறுதான் வேணும்.

அடுத்த பதிவுல ஊத்துக்கால் தூர் வாரின முறையை, எங்க ஊர்ப் பெரியவங்க சொன்னபடி எழுதறேன்.