கூறிடும் இடம்: தரவுக் காப்பு வரலாற்றில் ஒரு நோக்கு

ஒரு நூலின் இரண்டாம் பிரதியை வேறோரிடத்தில் வைத்தல் ஆவணக் காப்பின் மிகப் பழைய முறை. கணனித் தரவுகளுக்கும் நெடுங்காலம் இம்முறையே கைக்கொள்ளப்பட்டது. ஆயின் நாள்தோறும் முழுப் பிரதி எடுப்பின், நேற்று வைத்தவற்றையே இன்றும் வைக்க நேரும். கோப்பைச் சிறு கூறுகளாக வெட்டி, முன்னர் வைத்த கூறு மீண்டும் வந்தால் அதனை வையாது விடுதல் இவ்வீண் செலவைத் தவிர்க்க எழுந்த வழியாகும். எங்கே வெட்டுவது என்ற வினாவே இதன் வரலாற்றை நடத்திச் சென்றது எனலாம்.

சம அளவில் வெட்டுவது எளிது. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த குயின்லன், டோர்வாட் ஆகியோர் 2002 இல் வெளிப்படுத்திய 'வென்ரி' என்னும் களஞ்சியம், ஒவ்வொரு கூறின் உள்ளடக்கத்திலிருந்தும் கணித்த 160 பிற் எண்ணையே அதன் முகவரியாக்கியது. ஒரே கூறு எத்தனை முறை வந்தாலும் முகவரி ஒன்றே. ஆயினும் அதனோடு வழங்கிய 'வாக்' என்ற காப்புநிரல் கோப்புகளைச் சம அளவிலேயே வெட்டியது. முதற் பக்கத்தில் ஒரு வரி புகுந்தால் பின்வரும் பக்கங்கள் யாவற்றினதும் எல்லைகள் நகர்வது போல, கோப்பின் தொடக்கத்தில் ஓரெழுத்துச் சேரினும் பின்னுள்ள கூறுகள் அனைத்தும் புதியனவாகிவிடும்.

பக்கம் நிறையுமிடத்தை விடுத்துப் பந்தி முடியுமிடத்தில் வெட்டின் இவ்விடர் இல்லை. ஆனால் வெறும் பைற்றுகளின் தொடரில் பந்தி ஏது? மைக்கல் றபின் 1981 இல் எழுதிய விரலடையாளக் கணிப்பு முறை இதற்கு உதவியது. உடி மன்பர் 1994 இல் ஒத்த கோப்புகளைக் கண்டறிய அதனைப் பயன்படுத்தினார். 2001 இல் முதித்தசரோன், சென், மசியேர் ஆகிய மூவரும் 48 பைற் அகலமுள்ள சாளரம் ஒன்றைத் தொடரின்மீது நகர்த்தி, அங்குக் கணித்த எண்ணின் கடைசி 13 பிற்றுகள் குறித்த பெறுமானத்தோடு பொருந்துமிடத்தை எல்லையாக்கினர். ஆகவே ஒரு கூறு சராசரி 8 கிலோபைற் அளவினதாகும். குறைந்த எல்லை 2, கூடிய எல்லை 64 கிலோபைற் என அவர்கள் வகுத்தனர். (அவர்கள் நாடியது காப்பன்று, மந்தமான வலையமைப்பிற் கோப்புகளை விரைந்து அனுப்புதலே.)

அளவைத் தெரிதல் பின்னர் பயனரின் பொறுப்பாயிற்று. 'அற்றிக்' என்ற காப்புநிரலின் சராசரிக் கூறு 64 கிலோபைற். 2015 இல் அதிலிருந்து பிரிந்த 'போர்க்' அதனை 2 மெகாபைற்றாக உயர்த்தியது. மீள்வரவு எதுவுமில்லை எனக் கொண்டால், 1,024 கிகாபைற் தரவு முன்னதில் 16,777,216 கூறுகளாகும். பின்னதில் 524,288 மாத்திரமே. ஒவ்வொரு கூறுக்கும் அட்டவணையில் ஓரிடம் வேண்டுமாதலின், நுண்ணிய வெட்டு வட்டிற் சேமித்ததை நினைவகத்திற் செலவழிக்கச் செய்தது. இத்தெரிவை இடையில் மாற்றுவதும் இலேசன்று. எல்லைகள் மாறுவதால் பழைய கூறுகளோடு எதுவும் பொருந்தாது; தரவு முழுவதும் மீண்டும் சேமிக்கப்படும். மேலும், பல நாட் பிரதிகள் ஒரு கூறையே பகிர்வதால், அது பழுதுறின் அத்தனை பிரதிகளும் பழுதுறும். சிக்கனத்தைப் பாராட்டுவோர் இதனைப் பெரிதும் பேசுவதில்லை.

சமவெட்டும் வழக்கொழியவில்லை. வட்டுப் படிமங்களில் தரவு இடையே செருகப்படுவதில்லை, இருந்த இடத்திலேயே மாற்றி எழுதப்படுகிறது. ஆதலின் 2022 இல் வெளிவந்த போர்க் 1.2 பதிப்பு, உள்ளடக்கம் நோக்கிய வெட்டோடு சம அளவில் வெட்டும் முறையையும் ஒரு தெரிவாகச் சேர்த்துக்கொண்டது.