சக்கர நாற்காலியிலிருந்து வெற்றி மேடைக்கு

2016ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரம். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த 21 வயது இளைஞர் மாரியப்பன் தங்கவேலு 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கப் பதக்கம் வென்றார். ஐந்து வயதில் பேருந்தில் அடிபட்டு அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போயிருந்தது.

இத்தகைய போட்டிகள் எங்கே தொடங்கின? விளையாட்டுத் திடலில் அல்ல, மருத்துவமனைப் படுக்கையில்!

தண்டுவடம் அறுபட்டால் அதற்குக் கீழுள்ள உறுப்புகள் உணர்வையும் இயக்கத்தையும் இழக்கின்றன. ஒரே நிலையில் நெடுநேரம் படுத்திருந்தால் உடலின் எடை முழுவதும் சிறு சிறு பரப்புகளின் மீதே விழுகிறது. பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும் என்பது நாம் அறிந்த விதி. அவ்வழுத்தத்தால் இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. நாம் தூக்கத்திலும் புரண்டு படுக்கிறோம். உணர்விழந்தவரால் அது இயலாது. எனவே படுக்கைப் புண்கள் உண்டாகும். இப்புண்களாலும் சிறுநீர்த் தொற்றினாலும் முற்காலத்தில் இந்நோயாளிகளுள் பெரும்பாலோர் விரைவில் இறந்தனர்.

ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 1939இல் தப்பி இங்கிலாந்து வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன் இதை விதியென்று ஏற்கவில்லை. 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். இரண்டு மணிக்கொரு முறை நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைக்கச் செய்தார். உயிர் பிழைத்தால் மட்டும் போதுமா? வாழ வேண்டாமா? அதற்கு அவர் கண்ட மருந்துகளுள் ஒன்று விளையாட்டு.

1948 ஜூலை 29ஆம் நாள் லண்டனில் ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கின. அதே நாளில் ஸ்டோக் மாண்டவில்லில், போரில் காயமுற்ற 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில் எய்தனர். 1952இல் நெதர்லாந்து வீரர்களும் சேர்ந்தனர்; போட்டி பன்னாட்டுப் போட்டியாயிற்று. 1960இல் ரோம் நகரில் 23 நாடுகளைச் சேர்ந்த சுமார் 400 பேர் கூடினர். அதுவே முதல் பாராலிம்பிக் எனக் கொள்ளப்படுகிறது. 1976இல் பார்வையற்றோரும் கை கால் இழந்தோரும் சேர்க்கப்பட்டனர். 1988இல் சியோலில், ஒலிம்பிக் நடந்த அதே அரங்குகளில் பாராலிம்பிக்கும் நடந்தது. மறு ஆண்டு பன்னாட்டுப் பாராலிம்பிக் குழு அமைந்தது.

இந்தியா 1968இல் முதன்முறை பங்கேற்றது. 1965 போரில் குண்டடிபட்ட இராணுவ வீரர் முரளிகாந்த் பெட்கர், 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலை 37.33 விநாடிகளில் முடித்துத் தங்கம் வென்றார். ஒலிம்பிக்கில் இந்தியர் ஒருவர் தனிநபர் தங்கம் பெறுவதற்கு 36 ஆண்டுகள் முன்னரே நிகழ்ந்தது இது! ஆயினும் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது 2018இல்தான்.

கையிழந்தவரும் காலிழந்தவரும் ஒன்றாக ஓடினால் அது நியாயமான போட்டி ஆகுமா? ஆகாது. எனவேதான் உடலின் இயங்கு திறனை அளந்து வீரர்களைப் பிரிவுகளாகப் பிரிக்கின்றனர். கருவியிலும் அறிவியல் உண்டு. கூடைப்பந்து ஆடும் சக்கர நாற்காலியின் சக்கரங்கள் மேலே நெருங்கியும் கீழே விரிந்தும் சாய்ந்திருக்கும். அடிப்பரப்பு அகலமாவதால் வேகமாகத் திரும்பும்போதும் நாற்காலி எளிதில் கவிழ்வதில்லை.

2024இல் பாரிஸில் இந்தியா 29 பதக்கங்கள் பெற்றது. தமிழகத்தின் துளசிமதி முருகேசன் இறகுப்பந்தில் வெள்ளியும், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் ஆகியோர் வெண்கலமும் வென்றனர். மாரியப்பன் தொடர்ந்து மூன்றாவது பாராலிம்பிக்கிலும் பதக்கம் பெற்றார்.

பதக்கங்களைக் கண்டு மகிழும் நாம், அவர்கள் திடலுக்கு வந்து சேரும் வழியை எண்ணிப் பார்க்கிறோமா? நம் சென்னையில், மெரினா மணலின் மீது சக்கர நாற்காலி அலையருகே செல்ல மரப்பாதை திறக்கப்பட்டது 2022 நவம்பரில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் சாய்தளம் பற்றிப் பாடம் நடத்தினேன். 12 மீட்டர் நீளத்திற்கு 1 மீட்டர் உயரும் சாய்தளத்தில், ஆளும் நாற்காலியுமாக 84 கிலோகிராம் இருந்தாலும், உராய்வை நீக்கிப் பார்த்தால், 7 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையே போதும் என்றேன். நண்பர்கள் நால்வர் நாள்தோறும் நாற்காலியோடு தூக்கிவந்து வகுப்பில் அமர்த்தும் மாணவர் ஒருவர் கை உயர்த்தினார். “சார், இந்தச் சாய்தளம் நம் வாசலுக்கு எப்போது வரும்?” என்றார்.

வகுப்பு அமைதியாயிற்று. வாசலில் மூன்றே படிகள். மொத்த உயரம் 45 சென்டிமீட்டர். பன்னிரண்டால் பெருக்கினால் 5.4 மீட்டர். கரும்பலகையில் அந்தக் கணக்கை எழுதினேன். அவர் படித்து முடித்துச் செல்லும் வரை அது கரும்பலகைக் கணக்காகவே இருந்துவிட்டது.

உங்கள் பள்ளி வாசலில் எத்தனை படிகள்? ஓர் அளவுகோலை எடுத்துச் சென்று அளந்து பாருங்கள். கணக்கு கடினமானதன்று. அடுத்த மாரியப்பன் அந்தப் படிகளின் கீழே காத்திருக்கலாம்.